மலைவீட்டில் நடை பழகும் குழந்தை: குளிரை விரட்டும் அவசரத்தில் நாம் மறப்பவை

டிசம்பர் மாதக் காலை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீடு. பதினான்கு மாதப் பெண் குழந்தை சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். உடம்பில் இரண்டு ஸ்வெட்டர், தலையில் காதை மூடிய குல்லா, காலில் பாட்டி பின்னிக் கொடுத்த கம்பளிக் காலுறை. ஓர் அடி வைத்தாள். வழவழப்பான சிமென்ட் தரையில் காலுறை வழுக்கியது, பொத்தென்று உட்கார்ந்தாள். எழுந்தாள், மறுபடியும் வழுக்கினாள். நான்காவது தடவை எழவில்லை. தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள்.

"பக்கத்து வீட்டுப் பையன் இந்த வயதில் ஓடினான். இவள் இன்னும் நடக்கவில்லை. சத்து டானிக் ஏதாவது எழுதிக் கொடுங்கள், நர்ஸம்மா" என்றார் பாட்டி.

நான் காலுறைகளைக் கழற்றினேன். தரையின் சில்லிப்பு பட்டதும் குழந்தை முகத்தைச் சுளித்தாள். பிறகு கால்விரல்களை விரித்துத் தரையைக் கவ்விக்கொண்டு மூன்று எட்டு வைத்து, பாட்டியின் மடியில் போய் விழுந்தாள். பாட்டிக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், சளி பிடித்துவிடுமே என்ற கவலை இன்னொரு பக்கம். கழற்றிய காலுறையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

நீலகிரியில் கிராம சுகாதார செவிலியராகப் பல ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். மலையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்குக் குளிரைக் கண்டால் ஒரு தனிப் பயம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பயப்பட நியாயமும் இருக்கிறது. ஊட்டியில் ஜனவரியில் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். ஆனால் ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் நான் பார்த்த அவசரங்களில் பாதிக்கு மேல், குளிரை விரட்டுவதற்காகப் பெரியவர்கள் செய்த ஏற்பாட்டிலிருந்து வந்தவை. வெந்நீர் வாளி, கரியடுப்பு, தைலப் புட்டி, சூடான தேநீர், அடைத்த ஜன்னல். முதல் குழந்தையை வளர்ப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதுகிறேன்.

ஒரு வயதுக் குழந்தையைப் பெரிய மனிதரின் சிறிய அச்சு என்று நினைப்பதில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன. அதன் உடம்பின் கணக்கே வேறு. எடைக்கு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். ஆகவே சூட்டை விரைவாக இழக்கும், விரைவாக வாங்கவும் செய்யும். தோல் மெல்லியது, நமக்குச் 'சுரீர்' என்று படும் சூடு அதற்குக் கொப்புளமாகும். நம்மைவிட வேகமாக மூச்சு விடும். அறையில் கெட்ட காற்று இருந்தால் நம்மைவிட முன்னால் பாதிக்கப்படும். மூச்சுக்குழாய் இளநீர் குடிக்கும் உறிஞ்சுகுழல் அளவுதான் இருக்கும். இத்தனையோடு, புதிதாகக் கால் முளைத்திருக்கிறது. நேற்று வரை எட்டாத இடத்தில் இருந்த பொருள் இன்று எட்டும். எதைத் தொடக் கூடாது என்ற அறிவு வருவதற்கு இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

முதலில் அந்தப் பாட்டியின் கவலையைத் தீர்த்துவிடுவோம். சளி தரையிலிருந்து ஏறுவதில்லை. அது வைரஸ் கிருமி; இன்னொருவரின் மூக்கிலிருந்தும் கையிலிருந்தும் வருகிறது. மழையிலும் பனியிலும் சளி கூடுவதற்கு ஒரு முக்கியக் காரணம், கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு ஐந்தாறு பேர் ஒரே அறையில் இருப்பது. இந்த வயதில் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு தடவை சளி பிடிப்பது சாதாரணம். வெளியிலிருந்து வருபவர் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்கினால் அதில் ஒன்றிரண்டு குறையும்.

நடை பழகுவதற்கு வெறுங்காலே நல்லது. உள்ளங்காலும் விரலும் தரையை உணர்ந்தால்தான் உடம்பு தன்னை நிமிர்த்திக்கொள்ளக் கற்கிறது. தரை தாங்க முடியாத குளிர்ச்சி என்றால் பாய் அல்லது ஜமுக்காளம் விரியுங்கள். இல்லையென்றால் அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை போடுங்கள். சக்கரம் வைத்த நடைவண்டியை மட்டும் யார் பரிசாகத் தந்தாலும் வாங்கி மூலையில் வையுங்கள். அதில் உட்கார்ந்து உந்தும் குழந்தை நடக்கக் கற்பதில்லை. படிக்கட்டை நோக்கி வேகமாகப் போகக் கற்கிறது. நம் தாத்தா காலத்து மர நடைவண்டி, பின்னால் நின்று தள்ளுவது, வேறு வகை. சமதளத்தில், பெரியவர் பக்கத்தில் இருந்தால் அது பரவாயில்லை.

உடையைப் பற்றி ஒரே ஒரு கணக்கு: நமக்கு எத்தனை அடுக்கு தேவைப்படுகிறதோ, குழந்தைக்கு அதைவிட ஓர் அடுக்கு கூடுதல். உடம்பை ஒட்டிப் பருத்தி, மேலே கம்பளி. குழந்தைக்குக் குளிர்கிறதா என்று பார்க்கக் கையைத் தொடாதீர்கள். மலைக் குழந்தையின் கை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பின்கழுத்தில் கை வைத்துப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் போதும். வியர்வை கசிந்தால் ஓர் அடுக்கைக் கழற்றுங்கள். வியர்வையில் நனைந்த உள்சட்டை, வெயில் இறங்கியதும் ஐஸ் துணிபோல ஆகிவிடும். தூங்கும்போது கழுத்தில் கட்டும் நாடா, மஃப்ளர் வேண்டாம். காய்ச்சலடிக்கும் குழந்தையை மூன்று கம்பளியில் சுற்றி வைப்பதும் வேண்டாம். உள்ளிருக்கும் சூடு வெளியே போக வழியில்லாமல் காய்ச்சல் ஏறும்.

கரியடுப்பு

இதைத்தான் நான் வீட்டுக்கு வீடு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். இரவில் குமுட்டியிலோ இரும்புச் சட்டியிலோ கரியைப் பற்றவைத்து, புகை அடங்கியதும் அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். புகை இல்லை, ஆகவே ஆபத்து இல்லை என்ற நினைப்பு. கனன்று எரியும் கரி கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை விடுகிறது. நிறமில்லை, மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. இரத்தத்தில் பிராண வாயுவைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு அது பிராண வாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு மூச்சு விட்டாலும் உடம்புக்குப் பிராண வாயு போய்ச் சேராது. கொடைக்கானலில் அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் எழாமலே போன செய்தியைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அவர்கள் திடமான இளைஞர்கள். அதே அறையில் பத்துக் கிலோ எடையுள்ள ஒரு குழந்தை இருந்தால் என்னவாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரியவருக்குத் தலைவலி, குமட்டல் என்று அடையாளம் தெரியும். குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. துவண்டு தூங்கும், அவ்வளவுதான். 'நன்றாகத் தூங்குகிறது' என்று நாமும் விட்டுவிடுவோம். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை கனத்தால் கதவைத் திறந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுங்கள். பிறகு 108ஐ அழையுங்கள். அறை சூடாக வேண்டுமென்றால் கணப்பை வெளியே வைத்துக் காய்ந்துவிட்டு உள்ளே வாருங்கள். வெந்நீர்ப் பையைப் படுக்கையில் வைத்துச் சூடாக்கி, குழந்தையைப் போடும் முன் எடுத்துவிடுங்கள். குளியலறையில் காற்றோட்டமில்லாத இடத்தில் மாட்டிய கேஸ் கீசரும் இதே வாயுவை விடும். அதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

விறகடுப்பின் கதையும் இதற்குப் பக்கத்துக் கதைதான். மலைவீட்டில் கதகதப்பான இடம் சமையலறை. அதனால் குழந்தையின் தொட்டிலும் அங்கேயே வந்துவிடுகிறது. அந்தப் புகையைத் தினமும் சுவாசிக்கும் குழந்தைக்கு நிமோனியா வரும் வாய்ப்பு கூடும். கூரையை ஒட்டி ஒரு சாண் திறப்பு இருந்தாலும் புகை வெளியேறும். குளிர் வருமென்று அதைச் சாக்கு வைத்து அடைத்துவிடாதீர்கள்.

வெந்நீர், தேநீர்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. இதனால் இரண்டு விஷயங்கள். பருப்பு வேக நேரமாகும். குக்கர் இல்லாமல் வைத்த பருப்பு குழந்தைக்கு அரைவேக்காடாகவே போய்ச் சேரும். குடிநீரைச் சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவைத்தால் போதும் என்றால், ஊட்டி, கொடைக்கானல் உயரத்தில் மூன்று நிமிடம் கொதிக்கவிட வேண்டும். ஏழு எட்டு டிகிரி குறைந்த சூடு குழந்தையின் தோலுக்கு எந்தச் சலுகையும் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 60 டிகிரி நீரே சில விநாடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும்.

குளிப்பாட்டும்போது நடப்பது இதுதான். கொதிக்கும் நீரை வாளியில் ஊற்றிவிட்டு, பச்சைத் தண்ணீர் பிடிக்கத் திரும்புகிறோம். அந்த ஐந்து விநாடியில் குழந்தை வாளியின் விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கிறது. வரிசையை மாற்றுங்கள்: முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர், கலக்கிவிட்டு முழங்கையை நனைத்துப் பார்த்தபின் குழந்தை. கலக்காத வெந்நீர் எந்த நேரத்திலும் தரைமட்டத்தில் இருக்கக் கூடாது. தேநீர் டம்ளர் கையில் இருந்தால் மடியில் குழந்தை இருக்கக் கூடாது. மேஜை விரிப்பின் தொங்கும் நுனியும் வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்கு அது ஏறும் கயிறு.

சுட்டுவிட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். நம் மலைக் குழாய்த் தண்ணீர் ஏற்கெனவே குளிர்ந்தது, ஐஸ் வேண்டாம். சுட்ட இடம் மட்டும் நனையட்டும், மற்ற உடம்பைத் துணியால் போர்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் குழந்தை விறைத்துவிடும். மஞ்சள், பேஸ்ட், மை, வெண்ணெய் எதுவும் தடவாதீர்கள். மருத்துவர் அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் காயத்தையே பார்க்க முடியும். அப்போது அந்தக் குழந்தை அழும் அழுகையை நான் கேட்டிருக்கிறேன்.

தைலப் புட்டி

ஊட்டிக்கு வந்தவர்கள் வர்க்கியும் நீலகிரித் தைலமும் வாங்காமல் இறங்குவதில்லை. எங்கள் வீடுகளில் அது சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரைக்குச் சமமாக இருக்கும். யூகலிப்டஸ் இலையிலிருந்து காய்ச்சி எடுத்த எண்ணெய். பெரியவருக்கு மூட்டுவலிக்குத் தேய்க்க, ஆவி பிடிக்க உதவும். ஒரு வயதுக் குழந்தை அதில் சில மில்லிலிட்டர் விழுங்கினாலே தூக்கக் கலக்கம், வலிப்பு, மூச்சுத் தடை வரை போகலாம், அதுவும் அரை மணி நேரத்துக்குள். புட்டி சிறியது, மூடி சாதாரணத் திருகு மூடி, வாசனையோ மிட்டாய் மாதிரி. கற்பூரமும் இதே ரகம். ஒரு வில்லையை மென்றாலும் வலிப்பு வரலாம்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். விரலை விடுவதும் உப்புத் தண்ணீர் கொடுப்பதும் எண்ணெயை நுரையீரலுக்குள் தள்ளிவிடும். புட்டியையும் எடுத்துக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மூக்கடைப்புக்கு இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மூக்கருகே தைலம், பாம், கற்பூர எண்ணெய் தடவுவதும் தவறு. மூச்சுப் பாதை எரிந்து சளி இன்னும் கூடும், சில குழந்தைகளுக்கு மூச்சே இறுகும். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். ஆவி பிடிக்க வைப்பது என்றால் என்னிடம் சொல்லாதீர்கள். கவிழ்ந்த பாத்திரத்தோடு ஓடி வந்த தாய்மார்களை எனக்குத் தெரியும்.

இருமலுக்கு? ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு இரவில் அரை டீஸ்பூன் தேன் இதமாக இருக்கும். மலைத்தேனுக்கு நம்மிடம் பஞ்சமில்லை. ஒரு வயதுக்கு முன்னால் மட்டும் நாக்கில் தொட்டுக்கூட வைக்காதீர்கள். தேனில் இருக்கக்கூடிய, போட்டுலிசம் என்ற நச்சு நோயைத் தரும் கிருமியின் விதைகளைப் பச்சைக் குழந்தையின் குடல் தாங்காது. பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் வழக்கத்தில் தேனுக்கு இடமில்லை என்று எத்தனை முறை சண்டை போட்டிருப்பேன். இருமல் சிரப்பைக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கவே வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த சிரப்பால் குழந்தைகள் இறந்தபின், 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதக் கூடாது என்று அறிவுறுத்தியது.

சாதாரணச் சளியையும் நிமோனியாவையும் பிரித்தறிய ஒரு கடிகாரம் போதும். குழந்தை அழாமல் இருக்கும்போது, முடிந்தால் தூங்கும்போது, சட்டையை விலக்கி வயிற்றைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். ஒரு வயது நிறைந்த குழந்தைக்கு நாற்பது அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, பால் தண்ணீர் இறங்காவிட்டாலோ, எழுப்பினாலும் சரியாக விழிக்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். ஊட்டி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. நலமாக இருக்கும் குழந்தை அதைப் பொருட்படுத்துவதில்லை. நுரையீரலில் சளி கட்டிய குழந்தைக்கு மூச்சில் கையிருப்பு குறைவு.

தட்டில் என்ன இருக்கிறது

தேயிலை விளையும் ஊரில் இதைச் சொன்னால் கோபிப்பார்கள், இருந்தாலும் சொல்கிறேன். வர்க்கியைத் தேநீரில் நனைத்துக் குழந்தைக்கு ஊட்டாதீர்கள். தேநீரில் உள்ள டானின், உணவிலிருந்து இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் தடுக்கிறது. இந்த வயதில் மூளை வேகமாக வளர்கிறது. அதற்கு இரும்பு வேண்டும். சோகை பிடித்த குழந்தை வெளிறி இருக்கும், சிடுசிடுக்கும், விளையாட்டில் நாட்டம் குறையும், சிலது மண்ணும் சுண்ணாம்பும் தின்னும். வர்க்கியைப் பாலில் நனைத்துக் கொடுங்கள். ஆனால் பாலும் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போகக் கூடாது. பாலாலேயே வயிறு நிறைந்த குழந்தை சோறு கீரையைத் திரும்பிப் பார்க்காது, இரும்பும் கிடைக்காது. முட்டை, பருப்பு, அவரை, கீரை, ராகிக் களி, கிடைத்தால் ஈரல். கூடவே நெல்லிக்காயோ ஆரஞ்சோ கொஞ்சம் இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பை வாரம் இருமுறை ஒரு மில்லி கொடுக்க வேண்டும். பல வீடுகளில் அது தூசி படிந்து அலமாரியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்.

பழனி மலைப் பக்கம், தாண்டிக்குடி சுற்று வட்டாரத்தில் இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். பட்டர் ஃப்ரூட்டும் மலைவாழையும் வாசலிலேயே கிடைக்கும். இரண்டையும் விரலால் மசித்து ஊட்டிவிடலாம், மிக்ஸியே வேண்டாம்.

ஊட்டி கேரட்டுக்குத்தான் ஓர் எச்சரிக்கை. குழந்தை முன்பற்களால் கேரட்டை அழகாகக் கடித்துவிடும். அரைக்கும் கடைவாய்ப்பற்கள் ஒன்றே கால் வயதை ஒட்டித்தான் முளைக்கத் தொடங்கும். பின்கடைவாய்ப்பல் இரண்டு வயதுக்கும் அப்பால். ஆகவே கடித்த துண்டு அரைபடாமல் உருண்டையாகத் தொண்டைக்குப் போகிறது, குழந்தை ஓடிக்கொண்டே தின்றால் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. வேகவைத்து விரலால் நசுங்கும் பதத்தில் கொடுங்கள், அல்லது துருவிக் கொடுங்கள். முழு நிலக்கடலை, பாதாம் முந்திரி வைத்த ஊட்டி சாக்லேட், பிளம்ஸ் கொட்டை, முழுத் திராட்சை எல்லாம் இதே பட்டியல். அடைத்துக்கொண்டால், குழந்தை சத்தமாக இருமுகிறதா பாருங்கள், இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் முகம் கறுத்தால், குழந்தையை முன்புறம் சாய்த்துப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து அடி. வெளியே வராவிட்டால், ஒரு வயது நிறைந்த குழந்தை என்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்ளும் மேலுமாக அழுத்துங்கள். மாறி மாறிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை எடுக்க விரலை விட்டுத் துழாவாதீர்கள்.

வாசலுக்கு வெளியே

மலைவீடு ஒரு பக்கம் தரையோடு இருக்கும், மறுபக்கம் ஓர் ஆள் உயரப் பள்ளம். வெயில் காயும் திண்ணை முடியும் இடத்தில் தடுப்பு இருக்காது. நம் கண்ணுக்குப் பழகிப்போனதால் அந்தப் பள்ளம் தெரிவதே இல்லை. ஒருநாள் முழங்காலிட்டு, குழந்தையின் உயரத்தில் வீட்டைச் சுற்றி வந்து பாருங்கள். மூங்கில் படல் எங்கே கட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். மழைநீர் பிடித்து வைத்த டிரம்மும் அப்படித்தான். ஒரு சாண் தண்ணீரில் தலைகீழாக விழுந்த குழந்தையால் தன் தலையைத் தூக்க முடியாது, சத்தமும் வராது.

உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் தோட்டம் வைத்திருப்பவர்கள் மீந்த பூச்சிமருந்தைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் பழக்கத்தை விட்டே ஆக வேண்டும். மருந்து அதன் சொந்த டப்பாவில், பூட்டிய இடத்தில் இருக்கட்டும். மருந்தடித்துவிட்டு வந்த சட்டையோடு குழந்தையைத் தூக்காதீர்கள்.

நாய் கடித்தாலோ, நகம் பட்டுத் தோல் கீறினாலோ, குரங்கு பிறாண்டினாலோ, சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போங்கள். 1907இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் இருக்கும் மாவட்டத்தில் கடிவாயில் மிளகாய்ப்பொடி வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா?

மற்றபடி வெளியே கூட்டிப் போங்கள். மழை மாதங்களில் வாரக்கணக்கில் மூடுபனி. வைட்டமின் டி தரும் வெயில் எட்டிப் பார்க்கும்போது அதை விடக் கூடாது. கை கால் வெளியே தெரியக் கொஞ்ச நேரம் விளையாடட்டும். உச்சி வெயில் மட்டும் வேண்டாம், உயரத்தில் அது நினைப்பதைவிடக் கடுமை.

பேச்சும் சுட்டு விரலும்

பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தையின் வளர்ச்சியைப் பருவமாகப் பிரித்து வைத்தார்கள். பதின்மூன்றாம் மாதம் 'வா வா' என்று நடக்க அழைக்கும் வருகைப் பருவம், பதினைந்தாம் மாதம் நிலவைக் காட்டி அழைக்கும் அம்புலிப் பருவம் என்று ஒரு கணக்கு உண்டு. இன்றைய குழந்தை மருத்துவமும் இந்த வயதில் இதைத்தான் தேடுகிறது: நாம் காட்டியதைக் குழந்தை பார்க்கிறதா, தான் பார்த்ததை நமக்கு விரலால் சுட்டிக் காட்டுகிறதா? காட்டெருமையைப் பார்த்து 'ங்கா' என்று கை நீட்டிவிட்டு, நாமும் பார்த்தோமா என்று திரும்பி நம் முகத்தைப் பார்க்கும் அந்த ஒரு கணம் மிகப் பெரிய விஷயம்.

ஒன்றரை வயதிலும் சுட்டிக் காட்டாவிட்டால், தனியாக நடக்காவிட்டால், பேர் சொல்லி அழைத்தும் திரும்பாவிட்டால், இரண்டு வயதிலும் 'அம்மா வா' போல இரண்டு சொல் சேராவிட்டால் காட்டி வையுங்கள். பேசிய சொல்லை, செய்த செயலை எந்த வயதில் இழந்தாலும் காத்திருக்கக் கூடாது. பதினான்கு மாதத்தில் நடக்காதது மட்டும் ஒரு குறையே அல்ல.

"வீட்டில் படுகு, அங்கன்வாடியில் தமிழ், எதிர் வீட்டில் மலையாளம். அதனால்தான் இவன் குழம்பிப் பேசாமல் இருக்கிறானோ?" என்று கேட்ட ஒரு தாத்தாவை நினைவிருக்கிறது. இல்லை, ஐயா. பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. மூன்று மொழியிலும் தெரிந்த சொற்களைச் சேர்த்து எண்ணுங்கள். குழப்புவது போன்தான். மழைநாளில் வீட்டுக்குள் அடைந்த குழந்தையின் கையில் அதைக் கொடுத்துவிடுகிறோம். போன் பேசும், ஆனால் குழந்தை சொல்வதற்குப் பதில் சொல்லாது. இரண்டு வயது வரை அதை எட்டாத உயரத்தில் வைப்பதே நல்லது.

பதினாறு மாதத்திலிருந்து இருபத்து நான்கு மாதத்துக்குள் தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊக்க ஊசி, போலியோ சொட்டு ஆகியவை இருக்கின்றன. ஒன்பதாம் மாத ஊசியோடு 'முடிந்துவிட்டது' என்று அட்டையைப் பெட்டியில் போட்டுவிடுபவர்கள் அதிகம். வைட்டமின் ஏ திரவம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வயது வரை. ஒரு வயது தாண்டியபின் குடற்புழு மாத்திரை பாதி, பொடித்துத்தான் தர வேண்டும். அங்கன்வாடியில் எடை போடும்போது வளர்ச்சி அட்டையில் கோடு ஏறுகிறதா, படுத்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஓரிரு மாதம் படுத்துவிட்டால் காரணம் தேட வேண்டும்.

கடைசியாக நேரக் கணக்கு. சமவெளியில் 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓர் இரவைத் தள்ளலாம். எஸ்டேட் பாதையில் இரவு யானை நிற்கும், மழையில் மண் சரியும், மூடுபனியில் 108 வண்டியும் ஊர்ந்துதான் வரும். அதனால் தோட்டத்துத் தாய்மார்களிடம் மாலை நான்கு மணிக் கணக்கு ஒன்றைச் சொல்லி வைத்திருந்தேன்: நான்கு மணிக்கு மூச்சை எண்ணிப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். போய், ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தால் பஸ் காசுதான் நஷ்டம்.

அந்த லைன் வீட்டுக்கு அடுத்த மாதம் எடை பார்க்கப் போனேன். குழந்தை வாசல் வரை நடந்து வந்து என் பையைப் பிடித்து இழுத்தாள். காலில் அதே கம்பளிக் காலுறை. குனிந்து பாதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பாட்டி பழைய சைக்கிள் டியூபை வட்டம் வட்டமாக வெட்டி அடியில் தைத்திருந்தார். பிய்ந்து வாய்க்குப் போகுமோ என்று ஒவ்வொரு வட்டத்தையும் நகத்தால் நெம்பிப் பார்த்தேன். தையல் அசையவில்லை.